போஸ்டரில் இருந்த முதுகு

நான் இந்தச் சுவரோரமாகவே உட்கார்ந்துகொள்கிறேன். உங்கள் நாற்காலியில் குறை ஒன்றும் இல்லை. கை வைத்த நாற்காலி இப்போது எனக்கு வசதிப்படாது, அவ்வளவுதான். அந்த மர ஸ்டூலைச் சுவரை ஒட்டிப் போட்டால் போதும். டீயும் வேண்டாம். நல்ல டீ என்று வாசனையிலேயே தெரிகிறது, ஆனால் சாட்டினில் டீ சிந்தினால் அந்தக் கறை சாகும்வரை போகாது. நீங்கள் குடியுங்கள், மேடம். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

சினிமா அருங்காட்சியகத்தில் துணிப் பராமரிப்பு என் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. நூற்று நாற்பது உடைகள் என் பொறுப்பில் இருக்கின்றன. பூச்சி வராமல், ஈரம் ஏறாமல், வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என் கணவரை நான் அந்த அளவுக்குப் பார்த்துக்கொண்டதில்லை. அவரே அதைப் பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறார்.

ஏழாம் எண் கண்ணாடிப் பெட்டியில்தான் அந்த கவுன் இருந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளி கலந்த நீலச் சாட்டின், அடியில் பதினோரு அடுக்கு நெட், பூசணிக்காய் அளவுக்கு இரண்டு பஃப் கை. முதுகில் ஆழமான ஒரு வெட்டு. அதற்குக் கீழே இடுப்புவரை இருபத்து நான்கு முத்துப் பொத்தான்கள். பொத்தான் அழகுக்கு, அதற்கு அடியில் ஒளிந்திருக்கும் கொக்கிகள்தான் உடையைப் பிடித்து நிறுத்துபவை.

படத்தை நீங்கள் பார்க்காமலா இருந்திருப்பீர்கள். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வீட்டில் எல்லோரிடமும் கோபித்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிறாள். அந்தக் கோபத்தில் தன் நிழலையே, "என் பின்னாடி வராதே" என்று திட்டிவிடுகிறாள். நிழலுக்கு ரோஷம் வந்து ஏரிக்குள் இறங்கிவிடுகிறது. ஏரிக்கடியில் இருக்கும் ராஜா அதை எடுத்துச் சிம்மாசனத்துக்கு முன்னால் கால்மிதியாகப் போட்டுக்கொள்கிறான். நிழல் திரும்பக் கிடைக்க வேண்டும் என்றால் அவன் அரண்மனையில் ஒரு நடனம் ஆட வேண்டும், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவள் அந்த கவுனைப் போட்டுக்கொண்டு நான்கு நிமிடம் ஆடுகிறாள். திரும்பவே இல்லை. முடிவில் நிழல் கிடைக்கிறது, முன்பைவிட நீளமாக. அவள் வளர்ந்துவிட்டாள் என்று அர்த்தமாம். நடுவில் ஒரு தவளை மந்திரியும் வருவார். அவர் இப்போது மூன்றாம் எண் பெட்டியில் இருக்கிறார். ரப்பர் இளகி, தொட்டால் கையோடு வருகிறார்.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால், அந்த நான்கு நிமிடமும் கேமரா அவள் பின்னாலேயே போகும். போஸ்டரும் அதுதான். படிக்கட்டு, கவுன், முதுகு. முகம் கிடையாது. முப்பது வருடமாக வயசுப் பெண்கள் தங்கள் அறைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டது ஒரு முதுகை.

அந்த முதுகு என்னுடையது.

இதை வெளியில் சொல்வதில்லை என்று பதினெட்டு வயதில் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்குத்தான் முதல்முறை மீறுகிறேன். குற்றப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கதாநாயகியை செட்டில் எல்லோரும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது, இன்னும் பாப்பாதான். முகம் அப்படி ஒரு முகம். அழுதால் லைட்மேனும் சேர்ந்து அழுவார். ஆனால் ஆட வராது. அவளுடைய இரண்டு கால்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஒத்திகையின் முதல் நாளே ராஜா நடிகரின் கால்விரல் நகத்தைப் பெயர்த்துவிட்டாள். நடனக் குழுவில் மூன்றாம் வரிசையில் இருந்த என்னைக் கூப்பிட்டு, தையல் மாஸ்டர் எங்கள் இருவர் மேலும் டேப்பை ஓட்டினார். "ஒரே அச்சு" என்றார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் முதுகு. "முதுகு வந்தாச்சா?" "முதுகு சாப்பிட்டுச்சா?" "யோவ், முதுகை வெயில்ல நிக்க வைக்காத, நிறம் மாறிடும்." என் சொந்தப் பெயரைச் சம்பளக் கிளார்க்கே மறந்துவிட்டார்.

அந்த அளவில்தான் மாஸ்டர் கவுனை வெட்டினார். எங்கள் இருவருக்கும் பொதுவான அளவு. நடனத்தை முதல் மாதமே எடுத்திருந்தால் இன்றைக்கு நாம் இந்த ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்க மாட்டோம். புகை மெஷின் தீப்பிடித்து அரண்மனைப் படிக்கட்டு எரிந்துபோனது. நடனம் தள்ளித் தள்ளிப் பதினாலாம் மாதத்துக்குப் போனது. பதினைந்து வயதுப் பெண் பதினாலு மாதம் சும்மா இருப்பாளா? வளர்ந்தாள். மாஸ்டர் கெட்டிக்காரர், உள்ளே நிறையத் துணி விட்டுத் தைத்திருந்தார். அவள் வளர வளரத் தையலைப் பிரித்து, கொஞ்சம் தள்ளித் தைத்தார். ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் வேறு நிற நூல். லைனிங்கைப் புரட்டிப் பார்த்தால் ஊசித் துளைகள் ஆறு வரிசையாகத் தெரியும், பிள்ளைகளைச் சுவரோடு நிறுத்தி உயரம் குறித்துவைப்பதுபோல.

நான் வளரவில்லை. நடனம் எடுத்த அன்று அந்த கவுன் எனக்குச் சாக்குப்பை மாதிரி தொங்கியது. ஒரு நாளுக்காகப் பிரிக்க மாஸ்டருக்கு நேரமில்லை. "உன் முன்பக்கம் எவனுக்குத் தெரியப்போகுது?" என்று சொல்லி, முன்னால் துணியைக் கொத்தாகப் பிடித்துக் கிளிப் போட்டார். கொடியில் துணி காயப்போடும் அதே கிளிப். மஞ்சள், சிவப்பு, பச்சை. மொத்தம் பதினாறு. பின்னாலிருந்து பார்த்தால் ராணி. முன்னாலிருந்து பார்த்தால் மொட்டைமாடிக் கொடி. நான்கு நிமிடமும் என்னை எதிரில் பார்த்தபடி ஆடியவர் ராஜா நடிகர் ஒருவர்தான். அவர் கண்ணில் தெரியும் அந்த வேதனையை விமர்சகர்கள் இன்றும் சிலாகிக்கிறார்கள். ஒரு கிளிப் நழுவி அவர் மேலங்கியைச் சதையோடு சேர்த்துக் கவ்வியிருந்தது.

ஆகவே, மேடம், அந்த கவுனைக் கிளிப் இல்லாமல் போடும் பாக்கியம் எனக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொல்கிறேன்.

ஒன்பது வாரத்துக்கு முன்னால் மேனேஜர் கையில் ஒரு கடிதத்தோடு என் அறைக்கு வந்தார்.

"பாப்பா மேடம் எழுதியிருக்காங்க. கடைசி நாள் ஷூட்டிங்ல, படம் எடுத்த பழைய முதலாளி ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டுக் குடுத்தாராம். படத்துக்கு முப்பது வயசு ஆகும்போது கவுன் பொருந்திச்சுன்னா, அது அவங்களுக்கே சொந்தம்."

"பொருந்தலைன்னா?"

"இங்கேயே இருக்கும். எங்கேர்ந்து பொருந்தும்? முப்பது வருஷம்! என் கல்யாணச் சட்டை எனக்குத் தோளோட நின்னுடுது."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாப்பாவை எனக்குத் தெரியும். பனிக்கட்டித் தண்ணீரில் இருபத்தெட்டு டேக் நின்றவள் அவள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, எங்களுக்கு விடுமுறை நாள், பாப்பா வந்தாள். இப்போது அவள் ஒரு பேக்கரி நடத்துகிறாள். கை நிறைய மாவு வாசனை, பை நிறைய பன். "அக்கா, எப்படி இருக்கீங்க? ஆளே மாறலையே!" என்று கட்டிப்பிடித்தாள். என் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் முதுகு என்றும் சொல்லவில்லை. அக்கா என்றாள்.

கவுனைப் போட்டுப் பார்த்தோம். கீழிருந்து இருபத்து மூன்று கொக்கி ஏறிவிட்டது. கடைசிக் கொக்கிக்கு ஒரு விரல் இடைவெளி.

"ஒரு விரல்தானே அக்கா. ரெண்டே வாரத்துல இறக்கிக் காட்டறேன்."

"இப்ப எதுக்கு பாப்பா இந்தக் கஷ்டம்?"

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. முப்பது வருஷமா எங்க போனாலும், 'மேடம், கொஞ்சம் திரும்பி நில்லுங்க'ன்றாங்க. என் கல்யாணத்துல போட்டோகிராபர் பாதி ஆல்பத்தை முதுகாவே எடுத்து வச்சிருக்கான். மாமியார் கேக்கறாங்க, பொண்ணு எங்கேன்னு. ஒரே ஒரு தடவை, முப்பதாம் வருஷ விழாவுல இதைப் போட்டுக்கிட்டு, படியில முகத்தைக் காட்டிக்கிட்டு இறங்கி வரணும் அக்கா. அதுக்கப்புறம் என்ன வேணா ஆகட்டும்."

நியாயமான ஆசைதான். நான் மறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் போன பிறகு கவுனைப் பரிசோதித்தேன். பக்கத் தையல் நைந்திருந்தது. நைந்த தையலைப் பிரித்துத் தைப்பது என் கடமை. எந்த வரிசையில் தைக்க வேண்டும் என்று அருங்காட்சியக விதிகளில் எங்கும் சொல்லப்படவில்லை, வேண்டுமானால் மேனேஜரைக் கேளுங்கள். ஆறாம் வரிசையில் இருந்ததை ஐந்தாம் வரிசையில் தைத்தேன். பழைய துளைகளிலேயே ஊசியை இறக்கினேன். பழைய சாட்டினில் புதுத் துளை போடக்கூடாது. அது எங்கள் தொழிலில் பெரிய தப்பு. நான் நேர்மையானவள்.

அடுத்த செவ்வாய் பாப்பா முகம் வாடி நின்றாள். "என்னக்கா, போன வாரம் ஒரு விரல், இப்ப ரெண்டு விரலா இருக்கு?"

"நீர் கோத்திருக்கும்," என்றேன்.

டேப் வைத்துப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். முப்பது அங்குலம். போன வாரத்தைவிட ஒரு அங்குலம் குறைவு. டேப்பில் நான் எந்தக் கோளாறும் செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவு சொல்லும் கருவியில் கைவைப்பது கேவலம். வாசித்துச் சொன்னது மட்டும்தான் நான். "முப்பத்தொன்றரை" என்று வாசித்தேன். பாப்பாவுக்குக் கிட்டப் பார்வை போய் நாலு வருடம் ஆகிறது, கண்ணாடியைக் கடையில் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு வருவாள். கொண்டுவரச் சொல்லி நான் நினைவுபடுத்தவில்லை. அவள் கண், அவள் கண்ணாடி.

இப்படியே வாரங்கள் போயின. அவள் இறக்கினாள், நான் பிடித்தேன். ஐந்து, நான்கு, மூன்று. மாஸ்டரின் நூல்களின் நிறம் பின்னோக்கி மாறிக்கொண்டே வந்தது. ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கும்போது எனக்கு மனசு நிறைந்திருந்தது. உலகத்தில் எல்லாம் வயசாகிக்கொண்டு போக, என் கையில் ஒன்று மட்டும் வாரத்துக்கு வாரம் சின்னதாகிக்கொண்டு வந்தது.

பாப்பா விடியலில் இருந்து அடுப்படியில் நிற்பவள். சுற்றிலும் ரொட்டி, கேக், வெண்ணெய் பிஸ்கட். அவள் தட்டில் ஒரு தக்காளி. ஒவ்வொரு செவ்வாயும் எனக்கு மட்டும் பை நிறைய பன் கொண்டுவருவாள். "நீங்க சாப்பிடுங்கக்கா, நான் பாத்துக்கிட்டே இருக்கேன், அதுவே போதும்." நான் அதை மேனேஜருக்குக் கொடுத்துவிடுவேன். ஒன்பது வாரத்தில் மனிதர் பெல்ட்டில் மூன்று புது ஓட்டை போட்டார். அந்தத் துளைகளுக்கும் நான் பொறுப்பு என்றால் ஏற்றுக்கொள்கிறேன்.

நான் ஏன் பன் சாப்பிடவில்லை என்று கேட்பீர்கள். அவள் பட்டினி கிடக்கும்போது நான் தின்பது அழகா? அனுதாபத்தால் நானும் குறைத்துக்கொண்டேன். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக், எடையைப் பற்றிக் கவலைப்படும் சாதி. ஒருநாள் என் தட்டைப் பார்த்துவிட்டு, "நாலு துண்டு வெள்ளரிக்காய். இது திங்கறதுக்கா, கண்ணு மேல வச்சிக்கறதுக்கா?" என்றார். "நீ ஏறினா என் லிஃப்ட்டு ஆள் ஏறலைன்னு நெனச்சி அப்படியே நிக்கும்டி." ஒரு மனைவியின் அனுதாபம் எதற்கு என்று கணவனுக்குப் புரிவதில்லை.

ஐந்தாம் செவ்வாய் சாயங்காலம் முதல் வரிசையை எட்டினேன். வெள்ளை நூல். மாஸ்டர் முதன்முதலில் தைத்த இடம். எங்கள் இருவருக்கும் பொதுவான அந்த அளவு. தைத்து முடித்ததும் சரிபார்க்க வேண்டும் அல்லவா? பொம்மைக்கு மாட்டிப் பார்த்து என்ன பிரயோஜனம், பொம்மை மூச்சு விடாது. அதனால் நானே போட்டுப் பார்த்தேன். பின்னால் கொக்கி மாட்ட யார் உதவியும் தேவைப்படவில்லை. அதற்கென்று ஒரு கம்பியை வளைத்து வைத்திருக்கிறேன். அந்தக் கம்பி என்னிடம் பத்து வருடமாக இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்வது வழக்கம். சாட்டின் பெட்டிக்குள்ளேயே கிடந்தால் செத்துவிடும், கொஞ்சம் உடம்புச் சூடு படவேண்டும். பராமரிப்பில் அதுவும் ஒரு பகுதி என்பது என் கருத்து.

பத்து வருடமும் முன்னால் கிளிப் போட்டுத்தான். அன்றுதான் கிளிப் இல்லாமல். இருபத்து நான்கு கொக்கியும் வரிசையாக ஏறின. ஸ்டோர் அறைக் கண்ணாடியில் முன்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை. ரொம்ப நேரம் நின்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள்.

ஆனால் அடுத்த செவ்வாய் பாப்பா வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கல்யாண மோதிரத்தைக் கட்டைவிரலில் போட்டிருந்தாள். படியேற இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தாளாம். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் முதல் வரிசையும் அவளுக்குப் பொருந்திவிடும். நான் என்ன செய்ய முடியும்? துளைகள் தீர்ந்துவிட்டன. மாஸ்டருக்கு அதற்கு மேல் குட்டி அளவு தெரியாது.

அன்று சாயங்காலம் என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பழைய சாட்டினில் புதுத் துளை போட்டேன். ஊசி இறங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பாப்பாவுக்குப் பொருந்தாமல் செய்வதற்காக, எனக்குப் பொருந்தியிருந்த ஒன்றை நானே விட்டுக்கொடுத்தேன். இந்தத் தியாகத்தைப் பற்றி உங்கள் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை, பார்த்தேன்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு செவ்வாய். இன்னும் இரண்டு புது வரிசை. அவளுக்கு நான் ஆறுதல் சொல்லாமல் இல்லை. "விட்டுடு பாப்பா" என்று மனசாரச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "எல்லாத்தையும் விட்டாச்சு அக்கா. காலைல ஒரு டம்ளர் தண்ணி, அவ்வளவுதான்." தண்ணீருக்கும் கனம் உண்டு, யோசித்துக் குடி என்று சொன்னேன். அதை நீங்கள் மிரட்டல் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பொது அறிவு.

இன்று சனிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்கு விழா. கடைசியாகப் போட்டுப் பார்க்கக் காலையில் பாப்பா வந்தாள். இரண்டாம் மாடி ஏறி ஸ்டோர் அறை வாசலுக்கு வந்தவள், "அக்கா, தரை ஏன் ஆடுது?" என்று கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். மேனேஜர் ஓடிவந்தார். அவர் பையில் எப்போதும் ஏதாவது இருக்கும், ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார்.

"முதல்ல இதைத் தின்னுங்க மேடம். கவுனும் வேணாம், கத்திரிக்காயும் வேணாம்."

"இதுல எவ்வளவு கொழுப்பு இருக்கு?"

"ஐயோ, பிஸ்கட்டு மேடம் இது!"

"இருங்க, பாத்துக்கறேன்," என்று சொல்லி, கைப்பையில் இருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டாள். மேடையில் ஏதோ படிக்க வேண்டும் என்று இன்றைக்கு மட்டும் கொண்டுவந்திருக்கிறாள். பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்தாள். படித்துவிட்டு நிமிர்ந்தவளின் பக்கத்தில், மேஜையிலிருந்து தொங்கியபடி, கவுன் உள்பக்கம் வெளியே தெரியும்படி கிடந்தது. நான் அப்போதுதான் இஸ்திரி போட்டிருந்தேன்.

பாப்பா லைனிங்கை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். துளைகளின்மேல் விரலை வைத்தாள். சின்ன வயதில் அவளுக்கு அது ஒரு விளையாட்டு. மாஸ்டர் காலடியில் உட்கார்ந்து எந்த நிற நூல் எந்த மாதம் என்று சொல்லுவாள்.

"இது கடைசி மாசம். இது எனக்கு அம்மை போட்டப்போ. இது தவளை மந்திரி தண்ணியில விழுந்தப்போ." விரல் நகர்ந்துகொண்டே வந்தது. "இது முதல் நாள். வெள்ளை நூல்." விரல் இன்னும் தள்ளிப் போய் நின்றது. "இது எப்போ அக்கா?"

"போன செவ்வாய்," என்றேன்.

கேட்டதற்கு உள்ளதைச் சொன்னேன். நேரடியாகக் கேட்டால் நான் பொய் சொல்வதில்லை. மேனேஜர் வாயில் பிஸ்கட்டோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பாப்பா சத்தம் போடவில்லை. போட உடம்பில் தெம்பும் இல்லை. "ஏன் அக்கா?" என்றாள். அவள் கைப்பையில் இருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "நீங்களே படிங்க. நான் படிக்கலாம்னு இருந்தேன்." அதற்குள் கண் சொருகிவிட்டது.

அதை உங்கள் ஆட்கள் என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள், உங்கள் மேஜையில்தான் இருக்கிறது. பெரிய எழுத்தில் எழுதியிருப்பாள். போஸ்டரில் இருப்பது தன் முதுகு இல்லை, முப்பது வருடமாகப் பொய் சொல்லி வாங்கிய கைதட்டல் தொண்டையில் நிற்கிறது, இதோ இந்த அக்காதான் ஆடியவர் என்று என்னை மேடைக்குக் கூப்பிடுவதாக எழுதியிருக்கிறாள். கவுனைப் போட்டுப் படியில் ஒருமுறை இறங்கிவிட்டு, அதை எனக்கே கொடுத்துவிடப் போகிறாளாம். என் முழுப்பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. எழுத்துப்பிழை இல்லாமல்.

இதைப் படித்ததும் நான் அழுதேனா என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை. நல்ல மனசு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொடுக்கிறேன் என்றால் என்ன அர்த்தம், மேடம்? முதலில் அது அவளுடையது என்று அர்த்தம். என்னுடையதை எனக்குக் கொடுக்க அவள் யார்? இந்த யோசனையை முதல் செவ்வாயே சொல்லியிருந்தால் பன்னாவது தின்றிருக்கலாம், இரண்டு பேரும்.

ஆம்புலன்ஸ் வந்தது. எல்லோரும் அதன் பின்னால் ஓடினார்கள். ஸ்டோர் அறையில் நானும் கவுனும்தான் இருந்தோம். கீழே ஜனம் வரத் தொடங்கியிருந்தது. முப்பது வருடமாக ஆசைப்பட்டு வந்த கூட்டம், வெறும் பெட்டியைப் பார்த்து ஏமாந்துபோகக் கூடாது. அந்த எண்ணத்தில்தான் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் சிரமப்பட்டுத்தான், ஆனால் போட்டுக்கொண்டேன். ஏழாம் எண் பெட்டியை உள்ளிருந்தும் பூட்டலாம் என்பது மேனேஜருக்கே தெரியாது. பொம்மையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அதன் இடத்தில் நின்றேன்.

இரண்டு மணி நேரம் நின்றேன். அசையவில்லை. மூன்றாம் வரிசையில் நின்று பழகியவளுக்கு அது பெரிய காரியமில்லை. கூட்டம் வந்தது, பார்த்தது, போட்டோ எடுத்தது. முன்னாலிருந்து என்னைப் பார்த்தார்கள். ஒரு அம்மா கண்ணாடியில் மூக்கை வைத்து உற்றுப் பார்த்தார்.

"கவுனு அப்படியே புதுசா இருக்கு பாருடி. பொம்மையைத்தான் மாத்தியிருக்கலாம். கிழடு தட்டிப்போச்சு."

"மெழுகும்மா. உருகியிருக்கும்," என்றாள் மகள்.

"உருகினா இப்படியா முறைக்கும்?"

நான் பொறுத்துக்கொண்டேன். சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அந்த கவுனை எப்போதும் முதுகு வெளியே தெரியும்படிதான் நிறுத்தியிருப்போம். ஜனம் பார்க்க வருவதே அதை. இன்றைக்கு முன்பக்கம் தெரிய நிற்கிறதே என்று முணுமுணுப்பு கிளம்பியது. முணுமுணுப்பு கூச்சலாகியது. "திருப்பி வைங்கய்யா!" "போஸ்டர்ல இருக்கற மாதிரி வைங்க!" "நாங்க என்ன மூஞ்சியப் பாக்கவா வந்தோம்?" ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த மேனேஜர், வேர்க்க விறுவிறுக்க மாற்றுச் சாவியோடு வந்து பெட்டியைத் திறந்தார். பொம்மையைத் திருப்புவதற்காக என் தோளைப் பிடித்தார்.

"வேண்டாம் சார்," என்றேன்.

மேனேஜர் கையில் இருந்த பன் கீழே விழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். முதல் வரிசையில் மயங்கி விழுந்தவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

பாப்பா தெளிந்துவிட்டாள் என்று சொன்னீர்கள், சந்தோஷம். ஆஸ்பத்திரியில் இரண்டாவது முறையும் சாப்பாடு கேட்டு வாங்கினாளாம். சாப்பிடட்டும். இனி அவளுக்கு அவசரமில்லை.

ஒப்புக்கொள்வதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். எட்டு முறை கவுனைப் பிடித்துத் தைத்தது நான். தெரிந்தேதான் தைத்தேன். அளவைப் பொய்யாக வாசித்தது நான். அவள் மெலிவதைப் பார்த்தேன், மோதிரம் கட்டைவிரலுக்குப் போனதைப் பார்த்தேன், நிறுத்தவில்லை. இன்னும் ஒரு செவ்வாய் இருந்திருந்தால் இன்னும் ஒரு வரிசை தைத்திருப்பேன். இதையெல்லாம் செய்தது அந்த கவுனின் நன்மைக்காக. எனக்கென்று நான் எதுவும் ஆசைப்படவில்லை.

படம் எடுக்க வேண்டும் என்கிறீர்கள். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. முன்பக்கம் தாராளமாக எடுங்கள். எத்தனை வேண்டுமானாலும் எடுங்கள். முப்பது வருடத்தில் முதல்முறையாக இந்த உடையில் என் முகத்தை ஒருவர் படம் எடுக்கிறார், கொஞ்சம் வெளிச்சம் கூட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டுப் படம் வேண்டாமே. கத்தரிக்கோலும் வேண்டாம், அதைத் தூரமாக வைக்கச் சொல்லுங்கள். நானாகக் கழற்றிக்கொள்வேன், பிறகு.

அடுத்த அறைக்குத்தானே, போகலாம். நீங்கள் எல்லோரும் முன்னால் நடங்கள், நான் கடைசியாகச் சுவரை ஒட்டியபடி வருகிறேன். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். கவுன் எனக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது, நீங்களே பார்க்கிறீர்களே, முன்னால் ஒரு சுருக்கம் உண்டா? பின்னால் கொக்கிக்குப் பதிலாக இருக்கும் பதினாறு கிளிப்பும் சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான்.